மெழுகும் ஓவியப் பரப்பும்

பெங்களூரிலுள்ள கர்நாடக சித்ரகலா பரிஷத்தில் மைசூர் மரபு ஓவியங்களைக் காண்போர், அணிகலன்களும் மண்டபத் தூண்களும் பரப்பினின்று சற்றே மேலெழுந்து நிற்பதைக் காண்பர். ஈயவெள்ளையும் பிசினும் கலந்த குழம்பை இட்டு, அதன்மேல் பொன்தாள் ஒட்டிப் பெற்ற புடைப்பு அது. தஞ்சை ஓவியத்தில் இப்புடைப்பு இன்னும் தடித்தது. இவ்விரண்டிலும் புடைப்பைத் தருவது மெழுகன்று. எகிப்தின் ஃபயூம் பகுதியில் கி.பி. முதல் சில நூற்றாண்டுகளில் வண்ணத்தை மெழுகிற் குழைத்து முகவோவியங்கள் தீட்டினர். அங்கு மெழுகே ஓவியப் பரப்பாயிற்று. தென்னகத்தில் மெழுகு ஓவியத்துள் புகுந்த வழி வேறு. இங்கு அது வண்ணத்தைத் தாங்கவில்லை, தடுத்தது. அத்தடுப்பில் நேரும் பிழையாகிய வெடிப்பு, 1960களில் சென்னை ஓவியர் கையில் விரும்பிப் பெறும் நயமாக மாறிய வரலாற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

மெழுகு என்னும் பெயரும், தரையை மெழுகுதல் என்னும் வினையும் வடிவால் ஒன்றே. குறையை மறைப்பவரைப் ‘பூசி மெழுகுகிறார்’ என்பது வழக்கு. மூடுதலாகிய இப்பொருள் துணி ஓவியருடைய தொழிலுக்கு முற்றும் பொருந்துவதாகும்.

சோழமண்டலக் கரையின் வண்ணத் துணிகளைப் பற்றி விரிவாக எழுதியவர்களுள் பிரெஞ்சு இயேசு சபைத் துறவி கேர்தூ குறிப்பிடத்தக்கவர். (வடமொழிக்கும் கிரேக்க, இலத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவை 1767இல் பாரிசுக்கு எழுதியனுப்பியவரும் இவரே.) தம்மிடம் சமயம் தழுவிய தொழிலாளரைக் கேட்டறிந்து 1742இல் அவர் வரைந்த மடலில், கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியில் கோடு தீட்டுதல் முதல் இறுதிச் சலவைவரை முறையே கூறப்படுகின்றது. மெழுகு அதில் பெரிதும் நீலத்திற்கு உரியது. இதன் காரணம் தொழில்நுட்பம் சார்ந்தது. சிவப்பு, படிகாரம் இட்ட இடத்தில் சாயவேரின் கொதிநீரில் பிடிப்பது; அவ்வெப்பத்தில் மெழுகு நில்லாது உருகிவிடும். அவுரித் தொட்டியோ குளிர்ந்தது. ஆதலின் நீலம் படவேண்டாத இடமெல்லாம் மெழுகால் மூடப்பட்டது. துணியின் மிகுபகுதியை இவ்வாறு மூடவேண்டியிருந்தமையின் இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. மெழுகு எங்கேனும் விரிந்தால் நீலம் நரம்புபோல் உள்ளே ஓடும். பழைய துணிகளில் இந்நரம்புகளைக் காணலாம். எனினும் இவை வேண்டிப் பெற்றவை அல்ல. தஞ்சை மராட்டிய அரசகுடியினர் உடுத்த கோடாலிக்கருப்பூர்ச் சேலையிலும் மெழுகுத்தடுப்பு பயன்பட்டது. அச்சேலை வழக்கொழிந்தது, கருப்பூர்க் கலம்காரி ஓவியம் 2021இல் புவிசார் குறியீடு பெற்றது.

சாவகத்துப் பாத்திக் கலைஞரும் வெடிப்பைக் குறையென்றே கொண்டனர். 1927இல் இரவீந்திரநாத தாகூர் சாவகம் சென்றபோது ஓவியர் சுரேந்திரநாத் கர், மொழியறிஞர் சுநீதி குமார் சட்டர்ஜி ஆகியோர் உடன் சென்றனர். அதன்பின் சாந்திநிகேதனில் பாத்திக் வேரூன்றிற்று.

சென்னையில் இதன் தேவை வேறு வகையில் எழுந்தது. அரசு கலை தொழிற்கல்லூரியின் முதல்வராயிருந்த கே. சி. எஸ். பணிக்கர் (1911-1977), கல்லூரியை விட்டு வெளியேறும் இளைஞர் ஓவியத்தால் மட்டும் பிழைக்கவியலாமை கண்டார். பகலிற் சில பொழுது கைவினை, எஞ்சிய பொழுது ஓவியம் என்பது அவர் கண்ட வழி. கைவினைகளுள் நன்கு விற்றது பாத்திக். அவ்வருவாயே 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல் ஓவியர் கிராமம் அமைய நிலம் தந்தது.

தேன்மெழுகு வளையும், பாரஃபின் நொறுங்கும். இவற்றின் அளவை மாற்றினால் வெடிப்பு மிகும் அல்லது குறையும். ஆறிய துணியைக் கசக்கிச் சாயத்தில் தோய்த்தால், எக்கையும் வரையவியலாத நுண்கோட்டு வலை படிகின்றது. கருப்பூரார் அஞ்சிய ஒன்றை இவ்வோவியர் அளந்து அழைத்தனர். உருகிய மெழுகு ஆறுமுன் கோட்டை முடிக்கவேண்டும் என்னும் கட்டாயமும் உண்டு. கோட்டையே உயிராகக் கொண்ட சென்னை ஓவியர்க்கு இது சிறந்த பயிற்சியாயிற்று என்பது என் துணிபு. ஆயினும் ஓவிய வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் பாத்திக்கை நிலம் வாங்கிய கணக்காகக் கூறி அமைகின்றனர். வயிற்றுப்பாட்டுக்குச் செய்தது கலையாகாது என்னும் முன்முடிபே இதன் அடிப்படை. சாயத்தொழிலும் ஓவியமும் ஒருகையிற் பிறந்த இக்கரையில் அது பொருந்துவதன்று. பணிக்கர் 1963இல் தொடங்கிய ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையைப் பாத்திக்கின் விளைவு என்பது மிகை. அவ்வரிசையின் எழுத்துக் கிறுக்கல்கள் சோதிடக் கட்டங்களோடு உறவுடையன.

அக்கிராமத்தின் தொடக்ககால ஓவியர்களுள் ஒருவரும் மைசூரிற் பிறந்தவருமான எஸ். ஜி. வாசுதேவ் பின்னர்ப் பெங்களூரில் குடியேறினார். எண்ணெய் வண்ணத்தோடு செப்புத்தகட்டுப் புடைப்பும் பட்டுத் திரைச்சீலையும் அவர் படைப்புகளுள் அடங்கும். கைவினையையும் ஓவியத்தையும் பிரித்து நோக்காத சோழமண்டல் மரபு அவற்றில் தொடர்கின்றது.