அயுத்தயா: ஆறு சூழ்ந்த நகரில் ஒரு ஷெய்கின் கபுர்



"படம் மட்டும் போடுறீங்க சேர், வரலாற்றையும் எழுதுங்களேன்" என்று பழைய மாணவர்கள் விடாமல் கேட்கிறார்கள். அதற்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் நான்கு ஆசிரியர்கள் பாங்கொக்கிலிருந்து புகையிரதத்தில் அயுத்தயா போனோம். நிலையத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ஆறு. தோணியில் அக்கரை போனால் பழைய நகரம். சாவோ பிராயா, பா சாக், லொப்புரி என்று மூன்று ஆறுகள் சுற்றி ஓட, நடுவில் தீவு மாதிரிக் கிடக்கிறது. 1351 முதல் 1767 வரை சியாமின் தலைநகரம் இதுதான். மரவேருக்குள் சிக்கிய புத்தர் தலையை எல்லோரையும் போல நாங்களும் பார்த்தோம். ஆனால் நாங்கள் தேடிப்போனது வேறு.

அங்குள்ள ராஜபட் பல்கலைக்கழக வளவுக்குள் ஒரு கபுர் இருக்கிறது. ஈரானின் கும் நகரிலிருந்து 1600களின் தொடக்கத்தில் வியாபாரத்துக்கு வந்த ஷெய்க் அஹ்மதுடையது. அன்று சியாமின் துறைமுக நிர்வாகம் இரண்டாகப் பிரிந்திருந்தது. சீனப் பக்கத்து வியாபாரம் இடது திணைக்களத்துக்கு. இந்தியா, பாரசீகம், அரபுப் பக்கம் வலது திணைக்களத்துக்கு. அந்த வலதைத்தான் பௌத்த மன்னர் சோங்தாம் இந்த முஸ்லிமின் கையில் கொடுத்தார். கூடவே நாட்டு முஸ்லிம்களின் தலைமையும் கிடைத்தது. சுலாராஜமொந்திரி என்ற அந்தப் பதவி இன்றும் தாய்லாந்தில் இருக்கிறது.

அவர் ஷீஆ. அவருடைய வழித்தோன்றல்களில் ஒரு கிளை பின்னாளில் பௌத்தமாகி, புன்னாக் என்ற பெயரில் பெரிய மந்திரிமாரைத் தந்தது. சிலருக்கு இது பிடிக்காது என்று தெரியும். பிடிக்காததை வெட்டிவிட்டு வரலாறு சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. எல்லாம் சுமுகமாகவும் இருக்கவில்லை. மகஸ்ஸாரிலிருந்து வந்து அடைக்கலம் புகுந்த முஸ்லிம்கள் 1686இல் கிளர்ந்தெழுந்தார்கள். பெரும் இரத்தச் சேதத்தோடுதான் அது அடங்கியது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இலங்கையில் உபசம்பதா அற்றுப்போயிருந்த காலத்தில், கண்டி மன்னர் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஒல்லாந்தர் கப்பலில் தூது அனுப்பியது இந்த அயுத்தயாவுக்குத்தான். 1753இல் உபாலி தேரர் திருகோணமலையில் வந்து இறங்கினார். சியாம் நிக்காய அப்படித் தொடங்கியது. இது பாடப்புத்தகத்தில் இருக்கிறது.

அடுத்ததை எங்கள் பிள்ளைகளில் அநேகர் கேள்விப்பட்டதே இல்லை. அயுத்தயாவிலிருந்து நாடு கடத்தப்பட்ட ஓர் இளவரசர் துறவியாகக் கண்டிக்கு வந்திருந்தார். 1760இல் பிரதானிகள் சிலரும் பிக்குகள் சிலரும் சேர்ந்து, மன்னரைக் கொன்றுவிட்டு அந்த இளவரசரை அரியணை ஏற்றத் திட்டமிட்டார்கள். மன்னர் உட்காரும் ஆசனத்துக்குக் கீழே குழிகூடத் தோண்டியிருந்தார்களாம். அதை மன்னரிடம் சொல்லி உயிரைக் காப்பாற்றியவர்களில் ஒருவர் கோபால முதலியார். அரண்மனைச் சேவையில் இருந்த முஸ்லிம். மன்னர் அவருக்குக் காணி கொடுத்துக் கௌரவித்தார்.

ஏழு வருடத்தில், 1767 ஏப்ரலில், பர்மியப் படை அயுத்தயாவை எரித்தது. தலையில்லாத சிலைகளுக்கு நடுவே நடக்கும்போது எங்களில் யாரும் அதிகம் பேசவில்லை.

பின்னேரம் முஸ்லிம் கடையொன்றில் ரொட்டி சாய் மாய் வாங்கினோம். மெல்லிய ரொட்டிக்குள் நம்மூர்த் தும்பு முட்டாஸைச் சுற்றிய மாதிரி. கடைக்கார உம்மாவுக்கு எங்கள் பாஷை தெரியாது, எங்களுக்கு அவருடையது தெரியாது. ஸலாம் சொன்னதும் காசுக்கு மேலே இரண்டு ரொட்டி கூடுதலாக வைத்தார்.

ஓர் உதவி. கண்டி, மாவனெல்ல, அக்குறணைப் பக்கத்து உறவுகளே, உங்கள் வீட்டுப் பெட்டகங்களில் ராஜா காலத்துச் சன்னஸ், ஓலை ஏதும் கிடந்தால் தயவுசெய்து படமெடுத்து அனுப்புங்கள். கறையான் அரிக்க முதல் பார்த்துவிட ஆசை.