பிரெஞ்சுச் சட்டம் கப்பலில் தானாக வரவில்லை

இசிஆரில் மரக்காணம் உப்பளங்களைத் தாண்டித் தெற்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் புதுச்சேரி. 1947 வரைக்கும் அது இரண்டு சாம்ராஜ்யங்களுக்கு நடுவே கடக்கிற தூரம். இந்தப் பக்கம் வெள்ளைக்காரன் சட்டம், அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரன் சட்டம்.

பிரிட்டிஷ் இந்தியாவின் 1934 தொழிற்சாலைச் சட்டம் ஒரு நாளைக்குப் பத்து மணி நேர வேலையை அனுமதித்தது. புதுச்சேரியிலோ 1937-லேயே எட்டு மணி நேர வேலைக்குச் சட்டம் வந்துவிட்டது. இதை "பிரெஞ்சுக்காரன் தாராளம்" என்று சொல்கிற பழக்கம் நம்ம பக்கம் உண்டு. தேதிகளை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் கதை வேற மாதிரி இருக்கிறது.

1934: வ. சுப்பையா 'சுதந்திரம்' இதழைத் தொடங்குகிறார். பிரெஞ்சிந்தியாவில் கம்யூனிஸ்ட் இயக்கத்தைக் கட்டியவர் இவர்தான்.

1935: சவானா மில்லில் வேலைநிறுத்தம்.

1936 ஜூன்: பாரிஸில் லியோன் ப்ளூம் தலைமையில் இடதுசாரிகளின் மக்கள் முன்னணி அரசு. வாரத்துக்கு நாற்பது மணி நேரம்தான் வேலை என்று அங்கே சட்டம் போடுகிறார்கள்.

1936 ஜூலை 30: புதுச்சேரியில் போராடிய மில் தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு. 12 பேர் சாகிறார்கள்.

1937: சுப்பையா பாரிஸுக்கே போய் முறையிடுகிறார். ஏப்ரலில் ஆணை வருகிறது. எட்டு மணி நேர வேலை, சங்கம் வைக்கும் உரிமை எல்லாம் அதில்தான்.

கவனியுங்கள். பாரிஸில் தொழிலாளர் சட்டம் போட்டுச் சில வாரங்களில், அதே அரசின் கொடி பறந்த ஊரில் தொழிலாளியைச் சுடுகிறார்கள். இடதுசாரி அரசு வந்துவிட்டதாலேயே காலனிக்கு எதுவும் வந்துவிடாது. ஆனால், அந்த அரசு இல்லாமல் இருந்திருந்தால் சுப்பையா தட்டுவதற்கு ஒரு கதவும் இருந்திருக்காது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கணும்.

அந்த மில் சங்கங்கள்தான் பின்னாளில் கட்சியின் முதுகெலும்பு. 1946 தேர்தலில் கம்யூனிஸ்டுகள் முன்னின்ற தேசிய ஜனநாயக முன்னணி வென்றது சும்மா இல்லை.

சரி, இந்தப் பக்கம்? வெயிலில் உப்பு வாருகிற இடமும் தொழிற்சாலைதான், அங்கே வேலை செய்பவரும் தொழிலாளிதான் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1961-ல், ஒரு பம்பாய் உப்பள வழக்கில். சட்டம் இருப்பது ஒன்று, அது நமக்கும்தான் என்று ஆக்குவது வேறொன்று. அந்த இரண்டாவது வேலைக்குப் புதுச்சேரி கொடுத்த விலை 12 உயிர். ஒவ்வொரு ஜூலை 30-ம் அங்கே அனுசரிக்கிற தியாகிகள் தினத்துக்கு அர்த்தம் அதுதான்.