கிட்டியிலிருந்து லாக்கப் வரை: 1855 சித்திரவதை ஆணைய அறிக்கையும் ‘விசாரணை’ திரைப்படமும்

வெற்றிமாறன் இயக்கத்தில் 2016 பிப்ரவரியில் வெளிவந்த ‘விசாரணை’, கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் குண்டூர்க் காவலில் பட்டதை எழுதிய ‘லாக்கப்’ நாவலை அடிப்படையாகக் கொண்டது. இப்படத்தைச் சமகால அரசியல் படமாக மட்டும் வாசிப்பது போதாது; சென்னை மாகாணத்தின் ஆவண வரலாற்றோடு இணைத்துக் காண வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

1854இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் எழுந்த விவாதத்தைத் தொடர்ந்து சென்னையில் அமைக்கப்பட்ட ஆணையம், 1855இல் அறிக்கை அளித்தது. ஜான் புரூஸ் நார்ட்டன் அதன் உறுப்பினருள் ஒருவர். நிலவரி வசூலுக்காகவும் ஒப்புதல் வாக்குமூலம் பெறவும் குடிகள் வதைக்கப்பட்டதை ஆணையம் உறுதிசெய்தது. விரல்களை மரச்சட்டங்களுக்கிடையே நசுக்கும் கிட்டி, உடலை வளைத்துக் கயிற்றால் பிணைக்கும் அண்ணாந்தாள் ஆகியவை தமிழ்ப் பெயர்களுடனேயே ஆங்கில ஆவணத்தில் ஏறின. (கார்ல் மார்க்ஸ் 1857இல் நியூயார்க் நாளிதழொன்றில் இவ்வறிக்கையை விரிவாக எடுத்தாண்டார்.) ஆயினும் அறிக்கை பழியைச் சுதேசிக் கீழ்நிலைப் பணியாளர்மேல் சுமத்தியது, கடும் வரிவிதிப்பை வகுத்த கம்பெனி நிர்வாகம் பெரும்பாலும் தப்பித்தது. அதன் மிகப் பெரிய குறை இதுவே.

1859ஆம் ஆண்டுச் சட்டம் காவல்துறையை வருவாய்த்துறையிலிருந்து பிரித்தது. 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 25ஆம் பிரிவு, காவல் அதிகாரியிடம் அளித்த ஒப்புதல் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாகாது என்றது. அப்படியானால் அடிப்பது எதற்கு? படத்தின் முற்பகுதி இவ்வினாவிற்கு விடை தருகிறது. பூங்காவில் உறங்கும் புலம்பெயர் தொழிலாளர் பாண்டி முதலானோர் காவலரிடம் ஒப்புக்கொண்டால் மட்டும் போதாது. நீதிபதியின் முன்னும் அதையே சொல்ல வேண்டும். காவல் நிலைய வன்முறை அந்தக் கூற்றை முன்கூட்டியே பயிற்றுவிக்கிறது. சட்டம் வாயிலை அடைத்தபோது வதை நீதிமன்றத்திற்குச் செல்லும் வழியாக உருமாறிற்று. தெலுங்கு நீதிமன்றத்தில் தமிழ்க் காவல் அதிகாரி முத்துவேல் மொழிபெயர்க்க நேர்வதாலேயே அவர்கள் விடுபடுகின்றனர். உரிமையைக் காப்பது சட்டப்பிரிவு அன்று, மொழியறிந்த ஒருவரின் தற்செயலான இருப்பு.

பிற்பகுதி தமிழகக் காவல் நிலையத்திற்கு நகர்கிறது. அரசியல்வாதிகளின் பணக் கணக்குகளை அறிந்த ஆடிட்டர் காவலில் இறக்கிறார். அவ்விறப்பை மறைக்க, நிலையத்தைத் தூய்மைசெய்யத் தங்கவைக்கப்பட்ட அதே தொழிலாளர் குற்றவாளிகளாக்கப்படுகின்றனர்; ஈற்றில் முத்துவேலும் சக காவலரால் சுடப்படுகிறார். பழி கீழே இறங்கும் 1855இன் முறை இங்கே மீள்கிறது. ஆனால் அறிக்கை காட்டாத மேல்நிலைப் பேரங்களைத் திரைப்படம் தொலைபேசி உரையாடல்கள் வழியே காட்டிவிடுகிறது.

சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் இந்தியா 1997இல் கையொப்பமிட்டது. இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவை நிறைவேற்றிய சித்திரவதைத் தடுப்பு மசோதா மாநிலங்களவையைத் தாண்டவில்லை.