இரண்டு கோடுகளை வரைந்த பள்ளி ஆசிரியர்



மட்டு மதிப்பு நினைவிருக்கிறதா? எண்ணுக்கு இருபுறமும் நிமிர்ந்து நிற்கும் இரண்டு கோடுகள். "உள்ளே மைனஸ் இருந்தால் எடுத்துவிடு" என்றுதான் பலரும் மனத்தில் வைத்திருப்பீர்கள். அந்தக் குறியை உண்டாக்கியவர் நினைத்தது அதுவல்ல.

அவர் கார்ல் வையர்ஸ்ட்ராஸ், 1815இல் பிறந்த ஜெர்மானியர். சட்டமும் நிதியும் படிக்கட்டும் என்று தந்தை பான் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். மகன் பட்டம் வாங்காமலே திரும்பினார். பிறகு பள்ளி ஆசிரியராகத் தயாரானார். 1841இல் அடுக்குத் தொடர்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். அதில்தான் இந்தக் கோடுகள் வந்தன.

ஏன் தேவைப்பட்டது? அவர் கையாண்டவை கலப்பெண்கள். அவை ஒரே கோட்டில் வரிசையாக நிற்பவை அல்ல, தளத்தில் பரவிய புள்ளிகள். இது பெரிது, அது சிறிது என்று அவற்றை ஒப்பிட முடியாது. ஆனால் பூச்சியத்திலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்கலாம். அந்தத் தூரத்துக்கு இட்ட குறிதான் இது.

தூரம் என்று பிடித்துக்கொண்டால் சமன்பாடு எளிது. |க − 3| = 5 என்றால், 3இலிருந்து 5 அலகு தள்ளி இருப்பது எது? வலப்பக்கம் 8, இடப்பக்கம் −2. வெறுமனே மைனஸை எடுப்பவர் −2ஐத் தொலைத்துவிடுவார்.

|க − 3| = 2க என்பதற்கு இரு வழியிலும் போனால் −3, 1 என்று வரும். −3ஐப் போட்டுப் பாருங்கள்: வலப்பக்கம் −6. தூரம் குறை எண்ணாக இருக்காது. ஆகவே 1 மட்டுமே விடை.

வையர்ஸ்ட்ராஸ் பல ஆண்டுகள் சிற்றூர்ப் பள்ளிகளில் கணக்கோடு கையெழுத்துப் பயிற்சியும் உடற்பயிற்சியும் கற்பித்தார். 1854இல் வெளியான ஒரு கட்டுரை அவரை உலகுக்குக் காட்டியது. கோனிக்ஸ்பெர்க் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. 1856இல் பெர்லினுக்கு அழைப்பு வந்தது. அந்த 1841ஆம் ஆண்டுக் கட்டுரையோ 1894இல்தான் அச்சேறியது, 53 ஆண்டுகள் கழித்து. மூன்று ஆண்டுகளில் அவர் மறைந்தார்.

வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், "மைனஸை எடு" என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். "எங்கிருந்து, எவ்வளவு தூரம்?" என்று கேளுங்கள். இரண்டு விடைகளையும் அதுவே கண்டுபிடித்துவிடும்.