தையல் இயந்திரத்தில் நூல் இழுப்பு: ஊசித்தண்டிலிருந்து சுழல் தட்டு வரை

தையல் இயந்திரம் இடும் லாக்-ஸ்டிச்சில் ஊசியின் மேல்நூலும் பாபினின் அடிநூலும் துணியின் நடுவே ஒன்றையொன்று கவ்விக்கொள்கின்றன. ஊசி துணியைத் துளைத்து அடிவரை இறங்கி, ஓரிரு மில்லிமீட்டர் மேலேறும்போது அதன் காதருகே நூல் கண்ணியாகப் பிதுங்கும். கொக்கி அந்தக் கண்ணியைப் பிடித்து விரித்து, பாபின் கேஸைச் சுற்றிக் கடத்திவிடும். பாபின் கேஸைச் சுற்றிவரப் பல சென்டிமீட்டர் நூல் வேண்டும். தையலில் தங்குவதோ சில மில்லிமீட்டர் மட்டுமே. மிஞ்சும் நூலை உடனே மேலே இழுத்தால்தான் தையல் இறுகும். நூலை வேண்டும்போது தளர்த்தி, வேண்டாதபோது இழுத்துக்கொள்ளும் உறுப்பே டேக்-அப் லீவர். ஊசியின் இயக்கத்தோடு பிணைந்திருந்த இவ்வேலை, தனக்கென ஒரு கால ஒழுங்கைப் பெற்றதே இவ்வுறுப்பின் வரலாறு.

தொடக்க முயற்சிகள்

எலியாஸ் ஹோ 1846 செப்டம்பர் 10 அன்று பெற்ற அமெரிக்கக் காப்புரிமையில் வளைந்த ஊசியும், அடிநூலைச் சுமந்து கண்ணிக்குள் நுழையும் ஷட்டிலும் இருந்தன. நூலைத் தூக்கித் தளர்ச்சி உண்டாக்கும் ஒரு தண்டும் அதில் தனியே உரிமை கோரப்பட்டிருந்தது. ஷட்டில் கடக்கும்போது அந்தத் தளர்ந்த நூல் உள்ளே இழுபட்டுவிடும். நூலின் தளர்ச்சியைக் கட்டுப்படுத்தாமல் தையல் அமையாது என்பது தொடக்கத்திலேயே உணரப்பட்டிருந்தது.

ஐசக் சிங்கர் 1851 ஆகஸ்ட் 12 அன்று பெற்ற காப்புரிமை வேறு வழியைக் காட்டியது. ஊசி இறங்கும்போது துணிக்கு மேலே நூல் தொய்யாமல் ஓர் உராய்வுப் பட்டை பிடித்துக்கொண்டது. ஊசியைத் தாங்கிய தண்டிலேயே இருந்த ஒரு துளை, தண்டு மேலேறும்போது நூலையும் உடன் இழுத்தது. ஷட்டில் சற்றுக் கூடுதலாக முன்னகர்ந்து அடிநூலை இறுக்கியதால் இரு நூல்களும் ஒரே நேரத்தில் இறுகின.

இந்த ஏற்பாடு எளியது. ஆனால் உள்ளே ஒரு முரண் இருந்தது. ஊசி மேலேறத் தொடங்கும் வேளையில்தான் கண்ணியை விரிக்க நூல் வேண்டும். அதே வேளையில் ஏறும் தண்டு நூலைப் பின்னிழுக்கிறது. குறைந்த நூலில் கண்ணிக்குள் நுழைந்துவிடும் மெல்லிய படகு வடிவ ஷட்டிலுக்கு இது போதும். வட்டமான பாபினைச் சுற்றிக் கண்ணியைக் கடத்தும் கொக்கிக்குப் போதாது.

அதே 1851 ஆகஸ்ட் 12 அன்று ஆலன் வில்சன் சுழல் கொக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அக்கொக்கியுடன் வந்த வீலர்–வில்சன் நிறுவனத்தின் முதல் இயந்திரங்களில் தனி இழுப்பு உறுப்பு இல்லை. அடுத்த கண்ணியைக் கொக்கி விரிக்கும்போதுதான் முந்தைய தையல் இறுகியது. ஒவ்வொரு தையலும் தன் இறுக்கத்துக்கு அடுத்த தையலை எதிர்பார்த்து நின்றது. பின்னாளில் இவ்வியந்திரங்களிலும் தனி இழுப்பு உறுப்பு சேர்ந்தது.

கேம் லீவர்

19ஆம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியில் கேம் வகை லீவர் பரவியது. மேல் அச்சில் பொருத்திய கேம் என்னும் உருளையின் பக்கத்தில் வளைந்து செல்லும் ஒரு பள்ளம் வெட்டப்பட்டிருக்கும். லீவரின் ஒரு முனையிலுள்ள சிறு உருளி அந்தப் பள்ளத்தில் ஓடும். நூல் கோத்த மறுமுனை, இயந்திரத்தின் முகத்தகட்டிலுள்ள நீண்ட பிளவின் வழியே ஏறி இறங்கும்.

பள்ளத்தை எப்படி வளைத்து வெட்டுகிறோமோ அப்படியே லீவர் நகரும். ஆகவே, ஊசி ஏறத் தொடங்கிய பிறகும் லீவர் இறங்கிக்கொண்டே நூல் தர முடிந்தது. கண்ணி பாபினைத் தாண்டியதும் அது விருட்டென ஏறி நூலை மீட்டது. ஏறக்குறைய ஒரு சுற்றின் மூன்றில் இரண்டு பங்கு இறக்கம், எஞ்சிய ஒரு பங்கு ஏற்றம். ஏற்றத்தின் கடைசிப் பகுதியில் தையல் இறுகி, அடுத்த தையலுக்கான நூலும், நூலை அழுத்திப் பிடிக்கும் டென்ஷன் டிஸ்குகளின் வழியே கண்டிலிருந்து வந்து சேரும். ஊசி மீண்டும் துணியைத் தொடும்வரை நூல் தொய்யாமல் ஒரு சிறு கம்பிச்சுருள் காக்கும்.

தைத்து முடித்ததும் லீவரை உச்சிக்குக் கொண்டுவந்த பிறகே துணியை உருவ வேண்டும் என்று தையல் பழகுவோருக்குச் சொல்லப்படுவது இதனால்தான். லீவர் உச்சிக்கு வராமல் நிறுத்தினால், மறுபடி தைக்கத் தொடங்கும்போது மேலேறும் லீவர் ஊசிக்காதிலிருந்து நூலை உருவிவிடும்.

லிங்க், சுழல் வகைகள்

கேமின் குறை உராய்வு. வேகம் கூடக்கூட உருளியும் பள்ளமும் தேய்ந்து, ஓசையும் அதிர்வும் மிகும். 20ஆம் நூற்றாண்டில் பரவலான லிங்க் வகையில் பள்ளம் இல்லை. ஊசித்தண்டை இயக்கும் கிராங்கின் முளையே லீவரையும் அசைக்கிறது. ஓர் இணைப்புத் துண்டு லீவரை இயந்திர உடலோடு பிணைக்கிறது. கேமைப் போல விரும்பிய வளைவை அப்படியே பெற முடியாவிட்டாலும், துண்டுகளின் நீளத்தைச் சரியாக வகுத்தால் தேவைக்கு நெருங்கிய இயக்கம் கிடைக்கும். நிமிடத்துக்கு 5,000 தையல் வேகத்தில் ஓடும் தொழிற்சாலை இயந்திரங்களுக்கு இதுவே ஏற்றது. இந்தியச் சந்தையில் விற்கும் ‘லிங்க் மாடல்’ மெஷின்களின் பெயரும் இவ்வமைப்பைக் குறிப்பதே.

சுழல் வகையில் ஏறி இறங்கும் லீவரே கிடையாது. மையம் விலகிய வடிவமுள்ள தட்டு சுழன்றபடி நூலை இழுத்தும் விட்டும் கொடுக்கும். முன்னும் பின்னும் அசையும் எடை இல்லாததால் அதிர்வு மிகக் குறைவு.

பழைய ஊசித்தண்டு முறையும் மறைந்துவிடவில்லை. பாபினைச் சுற்றிவர வேண்டாத சங்கிலித் தையலிலும் ஓவர்லாக்கிலும் மீட்க வேண்டிய நூல் குறைவு. அங்கே ஊசித்தண்டில் பொருத்திய எளிய இழுப்பே இன்றும் வேலை செய்கிறது. எவ்வளவு நூலை, எந்த வேகத்தில் மீட்க வேண்டும் என்ற தேவையே ஒவ்வொரு வகைக்கும் உரிய இடத்தை முடிவுசெய்திருக்கிறது.