வீடா, சானடோரியமா?

மின்சார ரயிலில் குரோம்பேட்டைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே ‘தாம்பரம் சானடோரியம்’ என்று ஒரு ஸ்டேஷன் வரும். டாக்டர் டேவிட் சௌரிமுத்து 1928இல் அங்கே தொடங்கிய காசநோய் மருத்துவமனையால் வந்த பெயர் அது. இங்கிலாந்தில் மெண்டிப் மலைப்பகுதியில் சானடோரியம் நடத்தியவர் அவர். கணிதமேதை ராமானுஜன்கூட அங்கே சில காலம் அவரிடம் சிகிச்சையில் இருந்தார். 1937இல் தாம்பரம் மருத்துவமனையை அரசு எடுத்துக்கொண்டது. டி.பி.க்கு மருந்தே இல்லாத காலம். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, வயிறு நிறையச் சாப்பாடு, இவைதான் வைத்தியம். அதற்காகவே ஊரைவிட்டு ஒதுங்கி, மரங்களுக்கு நடுவே நீள நீளமான வார்டுகளைக் கட்டினார்கள். பெருந்துறை, செங்கிப்பட்டி, ஆசாரிபள்ளம் என்று மற்ற பக்கங்களிலும் இப்படிப்பட்ட மருத்துவமனைகள் இருந்தன.

இடம் கிடைத்தவர்கள் பிழைக்க ஒரு வழி இருந்தது. இடம் கிடைக்காதவர்கள்? 1950களில் நாட்டில் காசநோயாளிகள் இலட்சக்கணக்கில் இருந்தார்கள், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்தான். பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருந்த காலத்திலேயே போய்ச் சேர்ந்தவர்கள் எத்தனையோ பேர். இடம் கிடைத்தாலும், ஒரு கூலித் தொழிலாளி ஒரு வருடம் கட்டிலில் படுத்திருந்தால் வீட்டில் அடுப்பு எரியாது. ஒரு தாய் படுத்திருந்தால் பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?

நான் திருவள்ளூர்ப் பக்கம் காசநோய்ப் பிரிவில் ஹெல்த் விசிட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வேலையில் சேர்ந்த நாளிலிருந்தே எங்கள் கைக்கு மாத்திரை வந்துவிட்டது. நோயாளி வீட்டிலிருந்தபடியே குணமாவதுதான் எங்களுக்கு வழக்கம். அந்த வழக்கம் எங்கே பிறந்தது என்று பார்த்தால், அது சேத்துப்பட்டில், ஸ்பர்டேங்க் ரோட்டில் பிறந்தது. சென்னையிலேயே பலருக்கு இது தெரியாது என்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு.

1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும் பாஸ் மருந்தும் வந்தன. 1952இல் ஐசோனியசிட் வந்தது. விலை குறைவு, வாய்வழியாகவே சாப்பிடலாம், கிருமியை நன்றாகக் கொல்லும். அப்போது ஒரு கேள்வி எழுந்தது: மாத்திரையே நோயைத் தீர்க்கும் என்றால் கட்டில் எதற்கு? பெரிய மருத்துவர்கள் பலர் இதை ஒப்புக்கொள்ளவில்லை. குடிசையில் ஒரே அறைக்குள் ஏழெட்டுப் பேர். அங்கே நோயாளியை வைத்தால் வீடு முழுக்கத் தொற்றும், ஓய்வு இருக்காது, நல்ல சாப்பாடு இருக்காது, மருந்தையும் ஒழுங்காகச் சாப்பிட மாட்டார்கள் என்றார்கள். தப்பான கவலைகள் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் யாரும் சோதித்துப் பார்த்ததும் இல்லை.

சோதித்துப் பார்க்கத்தான் 1956இல் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை அரசு ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய மையம். பிரிட்டனிலிருந்து டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் வந்து தலைமை ஏற்றார். நகரத்தின் ஏழை நோயாளிகள் 193 பேர். யார் வீட்டில், யார் சானடோரியத்தில் என்பதை மருத்துவர் முடிவுசெய்யவில்லை, நோயாளியும் முடிவுசெய்யவில்லை. குலுக்கிப்போட்ட மாதிரி பிரித்தார்கள். நோய் முற்றியவர், லேசாக இருப்பவர் என்று ஒரு பக்கம் சாய்ந்துவிடாமல் இருக்க வேறு வழியில்லை. இரண்டு கூட்டத்துக்கும் ஒரே மருந்து: ஐசோனியசிட்டும் பாஸும், ஒரு வருடம்.

பாஸ் என்பது இன்றைய மாத்திரை மாதிரி இல்லை. கிராம் கணக்கில், தினமும் விழுங்க வேண்டும். குமட்டும், வயிற்றைக் கலக்கும். ஒரு வருடம் அதை விடாமல் சாப்பிட்டவர்கள் எல்லோரும் என் கணக்கில் பெரிய மனிதர்கள். அவர்கள் பெயர் எந்த அறிக்கையிலும் இருக்காது, எண்ணாகத்தான் இருப்பார்கள்.

1959இல் முடிவு வெளியானது. ஒரு வருடச் சிகிச்சைக்குப் பிறகு நோய் அடங்கியவர்கள் வீட்டுக் கூட்டத்தில் 86 சதவீதம், சானடோரியக் கூட்டத்தில் 92 சதவீதம். இவ்வளவு சிறிய வித்தியாசத்தை வைத்து இது மேல், அது கீழ் என்று சொல்ல முடியாது. வீட்டில் இருந்தவர்கள் குறைவாகச் சாப்பிட்டவர்கள், அதிகமாக உழைத்தவர்கள், நெருக்கடியில் வாழ்ந்தவர்கள். சானடோரியத்தில் இருந்தவர்கள் உடம்பு தேறி எடை கூடினார்கள். அப்படியிருந்தும் சளியில் கிருமி போவதில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றாகவே நின்றன.

எல்லோரும் பயந்தது குடும்பத்தை நினைத்து. அதையும் விடாமல் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களின் பிள்ளைகள், மனைவி, பெற்றோர் எல்லோரையும் ஐந்து வருடம் பின்தொடர்ந்தார்கள். சானடோரியத்துக்குப் போனவர்களின் குடும்பங்களைவிட இவர்களுக்கு நோய் அதிகமாக வரவில்லை. காரணம் யோசித்தால் விளங்கும். நோய் இன்னதென்று தெரிவதற்கு முன்பே அவர் அந்த வீட்டில் மாதக்கணக்கில் இருமியிருக்கிறார். தொற்ற வேண்டியது அப்போதே தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கிய பிறகு பரப்பும் சக்தி சீக்கிரமே குறைந்துவிடுகிறது. தட்டு, டம்ளர், பாய் எல்லாவற்றையும் தனியாக ஒதுக்கி, மனிதரையும் திண்ணைக்குத் தள்ளிய எத்தனை வீடுகளில் உட்கார்ந்து இதைச் சொல்லியிருக்கிறேன்! “மருந்து சாப்பிடுற ஆளைப் பாத்து பயப்படாதீங்கம்மா. மருந்து சாப்பிடாம இருமுறவங்களப் பாத்துத்தான் பயப்படணும்.” நான் தைரியமாக இப்படிச் சொல்ல முடிந்தது அந்தச் சென்னைக் குடும்பங்களால்தான்.

இந்த ஆராய்ச்சியைப் பற்றிப் பேசும்போது எண்களை மட்டும் சொல்லிவிட்டு எல்லோரும் நகர்ந்துவிடுகிறார்கள். அதன் உயிர் இருந்தது வீடுவீடாகப் போன நடையில். மருந்தை மொத்தமாகக் கொடுத்து அனுப்பிவிட்டு வருடக் கடைசியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த வேலை இல்லை அது. முன்னறிவிப்பு இல்லாமல் நோயாளியின் வீட்டுக்குப் போய் மிச்ச மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கிப் பரிசோதித்தார்கள்; மருந்து உடம்புக்குள் போயிருந்தால் பரிசோதனையில் நிறம் காட்டிக்கொடுக்கும். திட்டுவதற்காகச் செய்த பரிசோதனை இல்லை. எங்கே, எப்போது, ஏன் மருந்து நின்றுபோகிறது என்று தெரிந்தால்தான் அடுத்த வழி கண்டுபிடிக்க முடியும்.

அந்த வேலை எனக்குத் தெரியும். மாத்திரை எண்ணப் போகும் வீட்டில் முதலில் மாத்திரையைக் கேட்கக்கூடாது. தண்ணீர் கேட்க வேண்டும், உட்கார வேண்டும், பிள்ளை எந்த வகுப்பு என்று விசாரிக்க வேண்டும். ஒரு வீட்டில் மருமகள் மாத்திரைகளை அரிசிப்பானைக்குள் புதைத்து வைத்திருந்தாள். கல்யாணமாகி வந்த புதிது, டி.பி. என்று தெரிந்தால் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். மாமியார் கொல்லைப்பக்கம் போன நேரம் பார்த்து, ஒரு கை அரிசியோடு மாத்திரையை அள்ளிக் காட்டினாள். பாதி மிச்சம் இருந்தது. அன்று கோபப்பட்டிருந்தால் அவளை இழந்திருப்போம். அக்கம்பக்கத்துக்குச் சந்தேகம் வராதபடி, அவள் பால் வாங்கப் போகும் வழியில் இருந்த பால்வாடியில் மாத்திரையைச் சாப்பிட ஏற்பாடு செய்தோம். அவள் குணமானாள்.

கண்ணெதிரே மருந்தைக் கொடுக்கும் இந்த முறைக்கும் சேத்துப்பட்டுதான் ஒரு தாய்வீடு. தினமும் வரச்சொன்னால் கூலி போய்விடும் என்பதால், வாரம் இரண்டே முறை நேரில் வரவழைத்து ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் ஐசோனியசிட்டும் கொடுத்துப் பார்த்தார்கள். 1964இல் வெளிவந்த அந்த முடிவும் நன்றாகவே இருந்தது. பிற்காலத்தில் உலகம் முழுக்கப் பரவிய டாட்ஸ் முறைக்கு இது ஒரு வேர். ரிஃபாம்பிசின் மருந்து வந்து சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியதும், புது நோயாளிக்குச் சிவப்புப் பெட்டி, மறுசிகிச்சைக்கு நீலப் பெட்டி என்று எங்கள் அலமாரிகள் நிறைந்ததும் பிறகு நடந்தவை. அந்தப் பெட்டிகளில் வந்த வாரம் மூன்று நாள் மருந்து முறையும் போய், 2017 வாக்கில் மறுபடி தினசரி மாத்திரைக்கு வந்தோம். சேத்துப்பட்டு மையம் 1978இல் காசநோய் ஆராய்ச்சி மையமானது. பிறகு தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமானது.

இனி சொல்லப்போவதுதான் என் மனதில் வெகுநாளாகக் கிடப்பது.

1959 முடிவிலிருந்து உலகம் சரியான பாடத்தையும் எடுத்துக்கொண்டது. கூடவே அதில் இல்லாத ஒரு பாடத்தையும் எடுத்துக்கொண்டது. நல்ல மருந்து இருந்தால், ஏழை வீட்டுச் சாப்பாட்டிலும் சளியில் கிருமி போகும் என்றுதான் அந்த ஆராய்ச்சி காட்டியது. அது எப்படியோ ‘சாப்பாடு முக்கியமில்லை’ என்று சுருங்கிவிட்டது. சானடோரியத்தின் கட்டிலை விட்டோம், நல்லதுதான். அதன் பாலையும் முட்டையையும் சேர்த்து விட்டுவிட்டோம். எங்கள் கையில் மாத்திரை இருந்தது, சளி டப்பா இருந்தது, அட்டை இருந்தது, அரிசி இல்லை. “சத்தான ஆகாரம் சாப்பிடுங்க” என்று வாயால் சொல்வதோடு எங்கள் கடமை முடிந்தது.

மருந்து வேலை செய்யத் தொடங்கியதும் செத்துக்கிடந்த பசி திரும்பி வரும். அது நல்ல அறிகுறி என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். செங்கல் சூளையில் வேலை பார்த்த ஒருவர், நடுவில் மருந்தை நிறுத்திவிட்டார். ஏன் என்று கேட்டேன். “மாத்திரை போட்டா பசி தாங்கல சிஸ்டர். நான் ஒருத்தன் தின்னுட்டா புள்ளைங்களுக்கு எங்க போவேன்?” என்றார். என்னிடம் பதில் இல்லை. அட்டையில் ‘சிகிச்சையை இடைநிறுத்தியவர்’ என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. பசியை எழுத எந்தக் கட்டமும் இல்லை.

அந்தக் கேள்வியை ஒரு முறையான ஆராய்ச்சியாகக் கேட்க அறுபது வருடம் ஆனது. ஜார்க்கண்டின் நான்கு மாவட்டங்களில் 2019இலிருந்து 2022 வரை நடந்த ‘ரேஷன்ஸ்’ ஆராய்ச்சி அது. மங்களூரைச் சேர்ந்த மருத்துவர்கள் அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் முன்னின்று நடத்தினார்கள். சேத்துப்பட்டு நிறுவனமும் அதில் கைகோத்திருந்தது. அதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு நிறைந்தது. நோயாளிகள் 2,800 பேர். ஐந்தில் நான்கு பேருக்கு மேல் உடம்பில் சத்தில்லாதவர்கள். அவர்கள் எல்லோருக்கும் மாதாமாதம் உணவுப்பொருள் கிடைத்தது. குடும்பத்தாரைத்தான் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவில் பெரியவர் ஒவ்வொருவருக்கும் மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை. இன்னொரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். மொத்தம் 10,345 பேர். உணவு பெற்ற குடும்பங்களில் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. கிருமி உறுதியான நுரையீரல் காசநோயை மட்டும் எடுத்துக்கொண்டால் 48 சதவீதம். நோயாளிகளிலும், முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்குச் சாவு வரும் வாய்ப்பு 61 சதவீதம் குறைவாக இருந்தது. நோயாளிகள் எல்லோருக்குமே உணவு கொடுக்கப்பட்டதால், இந்தக் கடைசிக் கணக்கைக் குடும்பத்தார் கணக்கு மாதிரி நேருக்கு நேர் ஒப்பிட்டுப் பெற்றதாக எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆனால் எடை இயந்திரத்தில் முள் நகராத நோயாளியைப் பார்த்து வயிற்றைப் பிசையாத ஹெல்த் விசிட்டர் கிடையாது. எங்களுக்கு அந்த எண் புதிதாகத் தெரியவில்லை.

இரண்டு ஆராய்ச்சிகளும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. நோயாளியை வீட்டிலிருந்து பிரிக்க வேண்டியதில்லை என்று சேத்துப்பட்டு சொன்னது. அந்த வீட்டின் பானையையும் பாருங்கள் என்று ஜார்க்கண்ட் சொல்கிறது.

தமிழ்நாட்டில் 2022இல் காசநோய் இறப்பில்லாத் திட்டம் வந்தது. நோய் கண்டுபிடித்த உடனேயே எடையும் உயரமும் பார்த்து, கால் வீங்கியிருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, ஆக்சிஜன் அளவு என்ன, தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்று சோதிக்கிறார்கள். நிலைமை மோசமானவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். கட்டில் இப்போது அது தேவைப்படுகிறவருக்கு மட்டும். அப்படித்தான் இருக்க வேண்டும். சத்துணவுக்காக மத்திய அரசு 2018இலிருந்து நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்தது, 2024இல் அது 1,000 ஆனது. பணம் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வங்கிக் கணக்கில் விழும் பணம் வட்டிக்கும் வாடகைக்கும் போவதை அந்த வீடுகளில் பார்த்தவள் நான். ரேஷன் கடை இல்லாத தெரு நம் ஊரில் இல்லை. நோயாளியின் குடும்ப அட்டையில் ஆறு மாதத்துக்கு ஆளுக்கு ஒன்றரைக் கிலோ பருப்பைக் கூட்டிப் போடுவது நம் மாநிலத்துக்குப் பெரிய காரியமே இல்லை. நோயாளிக்கு மட்டுமல்ல, அவரோடு ஒரே பாயில் படுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.