பாறுகளைக் கொன்ற வலி ஊசி

2024-ல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ என்ற பொருளாதார இதழில் எயால் ஃபிராங்க், அனந்த் சுதர்ஷன் இருவரும் எழுதிய ஒரு கட்டுரை வந்தது. இந்தியாவில் பாறுகள் அழிந்ததால் 2000 முதல் 2005 வரை சுமார் ஐந்து லட்சம் பேர் கூடுதலாக இறந்திருக்கிறார்கள் என்பது அவர்கள் கணக்கு. முதலில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஒரு பறவை காணாமல் போனதற்கும் மனுஷச் சாவுக்கும் நடுவே இவ்வளவு நீளமான கயிறு கட்ட முடியுமா என்ன? அதனால் கதையை ஆரம்பத்திலிருந்து தேடிப் படித்தேன்.

பாறு என்பது நாம் பிணந்தின்னிக் கழுகு என்று சொல்லும் பறவை. திருக்கழுக்குன்றத்தில் உச்சிவேளையில் பிரசாதம் தின்ன வந்த இரண்டு பறவைகளும் பாறு இனம்தான். வட இந்தியாவில் இவை கோடிக்கணக்கில் இருந்ததற்குக் காரணம் மாடு. செத்த மாட்டைத் தோலுரித்து ஊருக்கு வெளியே போட்டுவிடுவார்கள். பாறுக் கூட்டம் ஒன்று இறங்கினால் ஒரு மணி நேரத்துக்குள் வெறும் எலும்புதான் மிஞ்சும். சம்பளம் கேட்காத துப்புரவுத் துறை!

ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் விபு பிரகாஷ் 1980களின் பிற்பகுதியில் எண்ணியபோது வெண்முதுகுப் பாறுகளின் கூடுகள் 353. 1996-ல் அதில் பாதிகூட இல்லை. மரத்தில் உட்கார்ந்தபடியே கழுத்து தொங்கி, பிறகு கீழே விழுந்து சாகும் பறவைகளை அவர் பார்த்தார். நாடு முழுக்க எடுத்த கணக்கில் 1992-க்கும் 2007-க்கும் இடையில் இந்த இனம் 99.9 சதவீதம் குறைந்திருந்தது. ஆயிரத்தில் ஒன்றுதான் மிச்சம்.

காரணம் என்ன? புது வைரஸ் என்றுதான் பலரும் சந்தேகப்பட்டார்கள். லிண்ட்சே ஓக்ஸ் என்ற கால்நடை நோயியலாளரின் குழு, பாகிஸ்தான் பஞ்சாபில் செத்த பறவைகளை அறுத்துப் பார்த்தது. உள்ளுறுப்புகள் மேல் சுண்ணாம்பு பூசியதுபோல யூரிக் அமிலப் படிவு. அதாவது சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது. வைரஸ், பாக்டீரியா, பூச்சிமருந்து, கன உலோகம் எல்லாம் சோதித்தாயிற்று, எதுவும் பொருந்தவில்லை.

அடுத்து அவர்கள் செய்ததுதான் எனக்குப் பிடித்த இடம். எங்கள் வேலையில் பிழை தேடும்போது, புரோகிராமுக்குள் எதுவும் சிக்காவிட்டால் உள்ளே வரும் டேட்டாவைப் பார்ப்போம். அதேதான். பாறு தின்பது பெரும்பாலும் கால்நடை இறைச்சிதான். அப்போ விஷமும் அதன் வழியாகத்தான் வரணும். கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைக்காரர்களிடமும் போய், மாட்டுக்கு என்னென்ன மருந்து கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியதும் பரவலாக விற்பதுமாக ஒன்று சிக்கியது: டைக்ளோஃபெனாக். நம்ம முழங்கால் வலிக்குப் போடும் அதே மருந்து.

யூரிக் அமிலம் படிந்து செத்த 25 பறவைகளின் சிறுநீரகத்தைச் சோதித்தார்கள்; 25-லும் மருந்து இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13-ல் ஒன்றில்கூட இல்லை. மருந்து கொடுத்த கால்நடையின் இறைச்சியைத் தின்ற பாறுகளும் அதே மாதிரி செத்தன. 2004-ல் நேச்சர் இதழில் இது வெளியானது.

சரி, எல்லா மாட்டுக்குமா ஊசி போட்டார்கள்? இல்லை. தேவையும் இல்லை. அதே ஆண்டு ரைஸ் கிரீனும் சகாக்களும் போட்ட கணக்குப்படி, 130 முதல் 760 சடலங்களில் ஒன்றில் விஷ அளவு மருந்து இருந்தாலே இந்த வீழ்ச்சி நடக்கும். ஒரு சடலத்தில் டஜன் கணக்கில் பறவைகள் தின்னும். பாறு வருஷத்துக்கு ஒரு முட்டைதான் இடும். அதற்கும் சில வயது முதிரணும். செத்ததை ஈடுகட்டவே முடியாது.

இனி ஐந்து லட்சத்துக்கு வருவோம். பாறுகள் போனதும் சடலங்கள் கிடந்து அழுகின, நீர்நிலைகளில் கலந்தன. தெருநாய்கள் பெருகின. ஃபிராங்க்கும் சுதர்ஷனும் மாவட்டங்களை இரண்டாகப் பிரித்தார்கள்: பாறுகள் வாழ ஏற்றவை, ஏற்காதவை. 1994 வாக்கில் மருந்து மலிவாகி மாட்டுக்கு வரும்வரை இரண்டிலும் சாவு விகிதம் ஒரே போக்கில் இருந்தது. பாறுகள் சரிந்தபின் முதல் வகை மாவட்டங்களில் மட்டும் நான்கு சதவீதத்துக்கு மேல் ஏறியது. வெறிநாய்க்கடி தடுப்பூசி விற்பனையும் கூடியது, தண்ணீரின் தரமும் கெட்டது.

இது மதிப்பீடுதான். யாரும் ஐந்து லட்சம் சடலங்களை எண்ணவில்லை. 2008-ல் அனில் மார்க்கண்டேயாவின் குழு வெறிநாய்க்கடிச் சாவுகளை மட்டும் கணக்கிட்டபோது, 1992 முதல் 2006 வரை கூடுதலாக ஏறக்குறைய 48,000 என்றுதான் வந்தது. ஐந்து லட்சம் என்பதைத் துல்லியமாக எடுக்க மாட்டேன். ஆனா முன்பு ஒரே போக்கில் போன இரண்டு கோடுகள் சரியாக அந்தக் காலத்தில் பிரிவதை வேறு எதைக்கொண்டு விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.

2006-ல் கால்நடைக்கு டைக்ளோஃபெனாக் தடை வந்தது. அதே ஆண்டு, மெலாக்சிகாம் பாறுகளுக்குப் பாதுகாப்பானது என்ற ஆய்வும் வந்தது. விஷயம் அத்தோடு முடிந்திருக்கலாம். ஆனா மனிதர்களுக்கு என்று அச்சடித்த 30 மில்லி குப்பி கடையில் கிடைத்தது. மனுஷனுக்கு ஒரு தடவைக்கு 3 மில்லி போதும். 30 மில்லி யாருக்கு என்று சொல்ல வேண்டுமா! பெரிய குப்பிகளுக்குத் தடை 2015-ல்தான் வந்தது. மருந்துக் கம்பெனிகள் வழக்குப் போட, சென்னை உயர் நீதிமன்றம் 2017-ல் தடையை உறுதிசெய்தது.

அசெக்ளோஃபெனாக் கதை இன்னும் மோசம். மாட்டின் உடம்புக்குள் போனதும் அது டைக்ளோஃபெனாக்காகவே மாறிவிடும். அதையும், பாறுகளைக் கொல்லும் என்று பல ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்த கீட்டோபுரோஃபெனையும் கால்நடைக்குத் தடைசெய்தது 2023-ல். நேச்சர் கட்டுரைக்கும் இதற்கும் இடையில் 19 வருஷம். அந்த 19 வருஷமும் இங்கே மாயாறு பள்ளத்தாக்கில் மிஞ்சியிருந்த சில நூறு பாறுகள், முதுமலைக்கும் சத்தியமங்கலத்துக்கும் நடுவே செத்த மாடுகளையும் நம்பித்தான் பறந்துகொண்டிருந்தன.